கொலையும் "மாயமும்"

(புதுச்சேரிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் துப்புத் துலங்காத கொலைகளையும், திடீரென்று காணாமற்போன ஆட்களையும் பற்றியதாகும். "இது போலீசார் காரியமாயிற்றே, சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேலை இருக்கின்றது என்பதுதான் என் அபிப்பிராயம். ஒரு மனிதன் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றான். வெட்டியவன் யாரென்று தெரியவில்லை. அந்த இடத்தில் நாம் இரண்டிலொன்றுதான் செய்ய முடியும். விடாமல் கேள்வி கேட்டு, கிடைத்த ஆதாரத்தைச் சோதித்து, உண்மையைத் தேடலாம். இல்லாவிட்டால், "விதி முடிந்தது", "தெய்வ சங்கற்பம்", "மாயமாய் மறைந்துவிட்டார்" என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். முதலாவதற்குப் பகுத்தறிவு என்று பெயர். இரண்டாவதுதான் நம் நாட்டில் வெகுகாலமாக நடந்துவரும் வழக்கம். ஆகவேதான் இதைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டென்கின்றேன்.

நான் சொல்வதிலும் ஆதாரம் எது, அபிப்பிராயம் எது என்று பிரித்துப் பார்த்துக் கேளுங்கள். கொலையைப் பற்றிப் பேசுகிறவனிடத்தில் அந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும்.

தோழர்களே! நந்தன் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். தீண்டப்படாதவரென்று ஒதுக்கப்பட்ட ஓர் ஏழை, சிதம்பரம் கோவிலுக்குள் போக ஆசைப்பட்டார். தில்லைவாழ் அந்தணர்கள் தீ வளர்த்தார்கள். அவர் தீயில் இறங்கினார், பூணூலும் சடையுமாய் வேறு உருவத்தோடு வெளியே வந்தார், கோவிலுக்குள் போனார், அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை, நடராஜன் திருவடியில் சேர்ந்துவிட்டார் என்பது பெரிய புராணம். இந்தக் கதையை அப்படியே ஒரு சப் இன்ஸ்பெக்டரிடம் புகாராகக் கொடுத்துப் பாருங்கள். அவர் என்ன கேட்பார்? "தீயை மூட்டியவர்கள் யார்? கடைசியாக அந்த ஆளைப் பார்த்தவர்கள் யார்? தீயிலிருந்து வெளியே வந்தான் என்பதற்கு யார் சாட்சி? ஆள் எங்கே, ஆள் இல்லாவிட்டால் பிரேதம் எங்கே?" என்றுதான் கேட்பார். தீ மூட்டியவர்கள் எவர்களோ அவர்களேதான் சாட்சிகளும் என்று தெரிந்தவுடன் அவர் எழுதுகோலைக் கையில் எடுத்துக்கொள்வார். அந்தக் கதை நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எண்ணூறு வருஷத்துக்கு மேலாக இதைப் படித்துக் கண்ணீர் விட்ட பண்டிதர்கள், ஒரு சாதாரண போலீஸ்காரனுக்குத் தோன்றும் கேள்வியைக்கூடக் கேட்கவில்லையே, அது ஏன் என்றுதான் கேட்கின்றேன்.

இன்னொன்று சொல்கின்றேன். நம் ஊருக்கு வெகு தூரமில்லாத வடலூரில், 1867-ஆம் வருடம் பசித்தவர்களுக்குச் சோறு போடத் தருமசாலை வைத்தவர் இராமலிங்க அடிகள். சாதியையும் சாத்திரத்தையும் கண்டித்தவர். அவரிடத்தில் நமக்கு மரியாதை உண்டு. அவர் 1874-ஆம் வருடம் ஜனவரி மாதம் 30-ந்தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஒருவரும் அவரைக் காணவில்லை என்கிறார்கள். 1906-ஆம் வருடம் தென்னாற்காடு ஜில்லா கெஜட்டீரை எழுதிய பிரான்சிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, அந்த அறை இன்னும் பூட்டியே இருக்கின்றது என்று எழுதினார். 32 வருஷம்! ஒரு பெரியவரிடத்தில் உண்மையான அன்பிருந்தால், "அவருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பதுதானே அன்பு? ஜோதியில் கலந்தார் என்று சொல்லிப் பூட்டின கதவைக் கும்பிடுவதா அன்பு? அவர் வாழ்ந்த வாழ்வைக் கொண்டாடுவதற்கு அவர் மறைந்த விதத்தை மர்மமாக்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்படி விசாரியாமல் விடுவது ஏதோ சோம்பேறித்தனம் மாத்திரமல்ல. அதற்குச் சாத்திரமே இருக்கின்றது. மனுதர்மத்தின் 11-வது அத்தியாயத்தைப் பாருங்கள். பிராமணனைக் கொன்றால் உள்ள பிராயச்சித்தத்தில், க்ஷத்திரியனைக் கொன்றால் நாலில் ஒன்று. வைசியனைக் கொன்றால் எட்டில் ஒன்று. சூத்திரனைக் கொன்றால் பதினாறில் ஒன்று. பூனை, கீரி, தவளை, நாய் இவற்றைக் கொன்றதற்கும் சூத்திரனைக் கொன்றதற்கும் ஒரே பிராயச்சித்தந்தான். 8-வது அத்தியாயத்திலோ, நெருப்புச் சுடாமலும் நீர் மேலே தள்ளாமலும் விட்டால் அவன் யோக்கியன் என்று தீர்மானிக்கலாமாம். அதாவது, செத்தவன் யார் என்று பார்த்துக் கொலைக்கு விலை போடுவது. நெருப்பையும் நீரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது. 1860-ஆம் வருடத்துப் பீனல் கோடுதான் கொலை என்றால் யாரைக் கொன்றாலும் கொலையே என்று இந்த நாட்டுக்குச் சொல்லிற்று. 2024-ஆம் வருடம் ஜூலை மாதம் 1-ந்தேதி முதல் அந்தச் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன. அந்த அடிப்படை மாறவில்லை.

சரி, பழங்கதை போதும். நம் ஊரிலேயே விசாரணை நடந்த ஒரு வழக்குக்கு வருகின்றேன்.

2004-ஆம் வருடம் செப்டம்பர் மாதம் 3-ந்தேதி மாலை, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் ஆபீசுக்குள்ளேயே அந்தக் கோவில் மானேஜர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். சாமிக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்த கொலை. கோவிலில் இருந்த எந்தத் தெய்வமும் தடுக்கவில்லை என்பதைச் சொல்லிக்காட்டி நான் நேரத்தைப் போக்கப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததே. காஞ்சி மடத்தின் காரியங்களைக் கண்டித்து அவர் எழுதிவந்த கடிதங்களே கொலைக்குக் காரணம் என்று போலீசார் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வருடம் நவம்பர் மாதம் 11-ந்தேதி தீபாவளி இரவில் மடாதிபதி ஜெயேந்திரர் ஆந்திராவில் வைத்துக் கைது செய்யப்பட்டார். பிறகு இளைய மடாதிபதி விஜயேந்திரரும் கைதானார். மொத்தம் 24 எதிரிகள். தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்குமா என்ற ஐயம் எழுப்பப்பட்டு, 2005-ஆம் வருடம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டார் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகு எட்டு வருஷம். 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களில் 80 பேருக்கு மேல் பிறழ் சாட்சிகளானார்கள். அதாவது, போலீசாரிடம் ஒன்று சொன்னார்கள், கூண்டில் ஏறி வேறொன்று சொன்னார்கள். அப்ரூவராகச் சேர்க்கப்பட்டவரும் கலைந்துவிட்டார். எதிரிகளில் ஒருவர் வழக்கு முடிவதற்கு முன்பே வேறொரு சம்பவத்தில் கொலையுண்டார். கடைசியில் 2013-ஆம் வருடம் நவம்பர் மாதம் 27-ந்தேதி, புதுச்சேரி செஷன்ஸ் கோர்ட்டார் மீதி 23 பேரையும் குற்றம் ருசுவாகவில்லை என்று விடுதலை செய்துவிட்டார்கள்.

தோழர்களே! இங்கே நாம் மிகவும் கவனமாகப் பேச வேண்டும். விடுதலையானவர்களைக் குற்றவாளிகள் என்று மேடையேறிச் சொல்ல எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் உரிமையில்லை. மடத்தின்மேல் நமக்குள்ள கருத்து வேறு. கொலைக் குற்றம் வேறு. பிடிக்காதவன் என்பதற்காக ருசுவில்லாமல் ஒருவனைக் கொலைகாரன் என்பது, பிடித்தவன் என்பதற்காக ருசுவில்லாமல் ஒருவனைக் கடவுள் அவதாரம் என்பது போன்ற மூடத்தனமேயாகும்.

ஆனால், தீர்ப்பு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிற்று என்று யோசியுங்கள். "இந்த 23 பேர் கொன்றார்கள் என்று ருசுவாயிற்றா?" என்பது கேள்வி. "இல்லை" என்பது பதில். "அப்படியானால் கொன்றது யார்?" என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது கோர்ட்டார் வேலையல்ல, சர்க்காருடைய வேலை. ஒரு தரம் விடுதலையானவனை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கின்றது. அது நல்ல சட்டம். ஆனால் கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. உண்மைக் கொலைகாரன் வேறொருவன் என்றால், 20 வருஷம் கழித்தும் தேடலாம்.

விடுதலை ஆனவுடன் ஒரு கூட்டத்தார் பட்டாசு வெடித்தார்கள். ஒரு கூட்டத்தார் வயிறெரிந்தார்கள். செத்தவரை நினைத்து, "இனி அடுத்தது யாரைத் தேடுவது?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? "சங்கரராமன் ஒரு வைதிகர்தானே, அவர்கள் வீட்டுச் சண்டை, நமக்கென்ன?" என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அப்படிச் சொல்கிறவர்களை நான் மறுபடியும் மனுவின் 11-வது அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லுவேன். செத்தவன் நம் ஆளா, அவன் ஆளா என்று பார்த்து நியாயம் கேட்பது மனுதர்மம். செத்தவன் எவனாயிருந்தாலும் அவன் உயிருக்குக் கணக்குக் கேட்பதுதான் சுயமரியாதை.

இது ஏதோ புதிதாக ஏற்பட்ட குறையுமல்ல. 1944-ஆம் வருடம் நவம்பரில் சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் நம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் தண்டனையடைந்து இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய்த் திரும்பி, 1947-ஆம் வருடம் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் சினிமா வாழ்வு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. லட்சுமிகாந்தனைக் குத்தியது யார்? அதற்கு இன்றுவரையில் பதில் இல்லை.

ஏன் இப்படி ஆகின்றது? நம் வழக்குகள் பெரும்பாலும் மனிதர் வாயை நம்பி நிற்கின்றன. வாய்க்குப் பயம் உண்டு; பசி உண்டு; பக்தி உண்டு; எட்டு வருஷத்தில் மறதியும் உண்டு. போலீசாரிடம் சொன்ன வாக்குமூலத்தைக் கோர்ட்டில் அப்படியே ருசுவாகக் கொள்ளச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. அடித்து வாங்கின வாக்குமூலமாக இருக்கலாமல்லவா? ஆகவே சாட்சி கலைந்தால் வழக்கும் கலைந்துவிடுகின்றது. ஆனால் பொருள்கள் இருக்கின்றனவே, அவை பயப்படுவதில்லை, விலைபோவதில்லை. நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் நாட்டில், லியோன் நகரத்தில், எட்மோன் லொக்கார் என்பவர் 1910-ஆம் வருடம் போலீசாருக்கென்று ஓர் ஆராய்ச்சிசாலை வைத்தார். ஒருவன் ஓரிடத்துக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டுத்தான் வருவான், எதையாவது ஒட்டிக்கொண்டுதான் வருவான் என்பது அவர் கொள்கை. மயிரோ, மண்ணோ, நூலோ, இரத்தமோ இருக்கும். தேடுகிறவனுக்குக் கண் வேண்டும்.

இதில் நம் நாடு பின்தங்கியதென்று நினைத்துவிடாதீர்கள். கைரேகைகளைச் சேர்த்து வைத்துக் குற்றவாளியை அடையாளங்காணும் ஆபீஸ் உலகத்திலேயே முதன்முதல் 1897-ஆம் வருடம் கல்கத்தாவில்தான் ஏற்பட்டது. அதற்காக உழைத்தவர்கள் அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயர் மட்டும் அவர்கள் மேலதிகாரியான ஹென்றிக்குப் போயிற்று! அதே வருடம் ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மானேஜர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். அங்கே ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின்மேல் இரத்தம் தோய்ந்த பெருவிரல் அடையாளம் இருந்தது. அது முன்னே திருட்டுக் குற்றத்துக்காகத் தண்டனையடைந்திருந்த பழைய வேலைக்காரன் ஒருவனுடைய ரேகையோடு ஒத்திருந்தது. பாருங்கள் தோழர்களே! பஞ்சாங்கத்துக்குள் அச்சடித்திருந்த நாளும் நட்சத்திரமும் அந்த மானேஜருக்கு ஒரு எச்சரிக்கையும் செய்யவில்லை. பஞ்சாங்கத்தின்மேல் பட்ட விரல்தான் உண்மை பேசிற்று. உள்ளங்கை ரேகையைப் பார்த்து ஆயுள் சொல்லும் ஜோசியனால் ஆயிரம் வருஷத்தில் ஆகாத காரியத்தை, விரல் நுனி ரேகையைப் பார்த்தவர்கள் செய்தார்கள்.

அதைவிட முக்கியம் ஒன்றுண்டு. ரேகையை வைத்து அவன் அங்கே போய்த் திருடினான் என்று சொல்லலாம், அவனே கொன்றான் என்று சொல்ல அது போதாது என்று கோர்ட்டார் 1898-ஆம் வருடம் திருட்டுக்கு மாத்திரம் தண்டனை கொடுத்தார்கள். விஞ்ஞானத்தின் யோக்கியதை இதுதான். தன்னால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் சொல்லும். குறி சொல்லுகிறவனோ கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருப்பான்!

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் 1983-லும் 1986-லும் இரண்டு சிறு பெண்கள் கொலையுண்டார்கள். ஒரு பதினேழு வயதுப் பையன் இரண்டாவது கொலையைத் தானே செய்ததாகப் போலீசாரிடம் ஒப்புக்கொண்டான். நம் ஊராயிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அலெக் ஜெப்ரீஸ் என்ற விஞ்ஞானி, தாம் 1984-ஆம் வருடம் கண்டுபிடித்த மரபணுச் சோதனையைச் செய்து பார்த்து, இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒருவனே, அவன் இந்தப் பையனல்ல என்று சொல்லிவிட்டார். பிறகு அக்கம்பக்கத்து ஆண்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். உண்மைக் குற்றவாளி தன் பெயரில் வேறொருவனை இரத்தம் கொடுக்கச் செய்து தப்பப் பார்த்தான். அந்தச் சங்கதி வெளியாகி அகப்பட்டு, 1988-ஆம் வருடம் ஆயுள் தண்டனையடைந்தான். புது விஞ்ஞானம் செய்த முதல் காரியம் ஒரு நிரபராதியைக் காப்பாற்றியதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம்மைச் சேர்ந்தவர்களின் கொலைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு வேலை செய்துவந்த டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013-ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 20-ந்தேதி காலையில் புனா நகரத்துப் பாலத்தின்மேல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015-இல் கோவிந்த் பன்சாரே, கல்புர்கி. 2017-இல் கௌரி லங்கேஷ். தபோல்கர் வழக்கில் போலீசார் ஆவியை அழைத்துத் துப்புக் கேட்டார்கள் என்று 2014-இல் ஒரு பத்திரிகை எழுதிற்று. சம்பந்தப்பட்ட அதிகாரி மறுத்தார். மறுப்பை நான் மறைக்கவில்லை. ஆனால், மூடநம்பிக்கையை ஒழிக்கப் போய் உயிரைக் கொடுத்தவரின் கொலையைப் பற்றியே அப்படி ஒரு செய்தி கிளம்பும்படியான நாட்டில் அல்லவா நாம் இருக்கின்றோம்! ஆவி ஒன்றும் சொல்லவில்லை, தோட்டா சொல்லிற்று. கல்புர்கியைச் சுட்டதும் கௌரியைச் சுட்டதும் ஒரே துப்பாக்கி என்று கர்நாடகத் தடய நிபுணர்கள் கண்டார்கள். தபோல்கரைச் சுட்ட இருவருக்கு 2024-ஆம் வருடம் மே மாதம் 10-ந்தேதி ஆயுள் தண்டனை கிடைத்தது, மூவர் விடுதலையானார்கள். சுட்ட கை தெரிந்தது. ஏவிய வாய் தெரியவில்லை. ஆகவே அங்கேயும் கேள்வி பாக்கியிருக்கின்றது.

கடைசியாக நம் வீட்டுக் காரியத்துக்கு வருகின்றேன். தாய்மார்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் எங்கே போகின்றோம்? மை போட்டுப் பார்க்கிறவனிடம் போகின்றோம். அவன் வெற்றிலையில் மையைத் தடவிப் பார்த்து, "தெற்கே இருக்கிறான், மூன்று நாளில் வந்துவிடுவான்" என்கின்றான். தெற்கே கடலூரும் இருக்கின்றது, கன்னியாகுமரியும் இருக்கின்றது, இலங்கையும் இருக்கின்றது. எந்தத் தெற்கு? அந்த மூன்று நாளில் என்ன ஆகின்றது தெரியுமா? பஸ் நிலையத்திலும் கடைகளிலும் உள்ள கேமராப் பதிவுகள் சில நாளில் தாமாகவே அழிந்துவிடும். மழை பெய்து இரத்தக்கறை போய்விடும். பார்த்தவனுக்கு மறந்துபோகும். மை போட்டவன் உங்கள் காசைத் திருடினது சிறு குற்றம். அந்த மூன்று நாளைத் திருடினானே, அதுதான் பெரிய குற்றம்.

ஆகவே நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். நம் ஊர் எல்லை உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் நடந்தால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. "இது எங்கள் எல்லையில்லை, அங்கே போ" என்று சிகப்புத் தொப்பிக்காரர் அனுப்புவார், அங்கே போனால் காக்கித் தொப்பிக்காரர் இங்கே அனுப்புவார் என்று பயப்பட வேண்டாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிந்துகொண்டு பிறகு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டம். கைதுக்குரிய பெருங்குற்றமென்று புகாரில் தெரிந்தால் பதிவு செய்தே தீரவேண்டும் என்று 2013-ஆம் வருடம் நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் சொல்லிவிட்டார்கள். காணாமற்போனது குழந்தையென்றால், கடத்தப்பட்டதாகவே வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று அதே வருடம் மே மாதம் 10-ந்தேதி உத்தரவிட்டிருக்கின்றார்கள். இவைகளைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை; யாரும் கொடுக்கும் பிச்சையல்ல.

சர்க்காரைக் கேட்க வேண்டியவையும் உண்டு. ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடய நிபுணர் போயே ஆகவேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கின்றது. ஆனால் அதை அமுல்படுத்த மாகாணங்களுக்கு ஐந்து வருஷம் வரையில் தவணை கொடுத்திருக்கின்றது. அந்தத் தவணையைத் தூங்கிக் கழிக்காமல் ஆட்களையும் ஆராய்ச்சிசாலையையும் ஏற்படுத்தச் சொல்ல வேண்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் திட்டத்தை 2018-ஆம் வருடம் டிசம்பர் 5-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டார் சட்டம் போலவே அமுல்படுத்தச் சொன்னார்கள். அது 2005-லேயே இருந்திருந்தால் நம் ஊர்க் கூண்டில் நின்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ, அது ஊகம்; ஊகத்தை நான் ருசுவாக்க மாட்டேன். ஆனால் இனி ஒரு சாட்சியாவது பயத்தினால் வாய் மாறக்கூடாது என்பது ஊகமல்ல, நம் கடமை. விடுதலையில் முடிந்த ஒவ்வொரு கொலை வழக்கிலும், "அப்படியானால் யார்?" என்ற கேள்வியோடு கட்டை மறுபடி அவிழ்த்துப் பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

தோழர்களே! மாயமாய் மறைகிற மனிதன் உலகத்தில் கிடையாது. ஒவ்வொருவனும் எங்கேயோ இருக்கின்றான், அல்லது எங்கேயோ கிடக்கின்றான். தானாக நடக்கும் கொலையும் கிடையாது. மாயம் என்று நாம் சொல்வதெல்லாம் நாம் கேளாமல் விட்ட கேள்விக்கு வைத்த பெயரேயாகும். அந்தக் கேள்வியை நந்தனுக்காகவும் கேளுங்கள், சங்கரராமனுக்காகவும் கேளுங்கள், தபோல்கருக்காகவும் கேளுங்கள், நாளைக்கு உங்கள் தெருவில் பெயர் தெரியாத ஒரு கூலிக்காரன் செத்துக் கிடந்தால் அவனுக்காகவும் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றேன்.